இருபத்தொரு நாள்

2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை. லண்டனின் வெம்ப்லி அரங்கில் பெண்கள் எஃப்.ஏ. கோப்பை, அதாவது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் கோப்பையின் இறுதிப்போட்டி. மான்செஸ்டர் யுனைடெட் அணி டாட்டனமை 4-0 என்று வென்ற ஆட்டம் அது. எங்கள் கிளப்பிலிருந்து ஒரு கூட்டமாகவே போயிருந்தோம். இரண்டாம் பாதியில் ரேச்சல் வில்லியம்ஸ் ஒரு ஃப்ரீ கிக்கைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். அன்றைக்கு அரங்கில் 76,082 பேர். யுனைடெட் பக்கம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. நான் பந்தைப் பார்க்கவில்லை. எகிறிய வில்லியம்ஸ் எப்படித் தரையிறங்கினார், முட்டி உள்பக்கம் மடங்கியதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கோல் அடிச்சாச்சு. நீங்கள் இன்னும் காலையே பாக்கிறீங்கள்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எங்கள் அணியின் டிஃபென்டர். அவள் சிரித்தாள். எனக்கு அந்தப் பருவத்தின் நவம்பர் மாதம் நினைவுக்கு வந்தது.

வாரநாள்களில் நான் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் கிளினிக் ஒன்றில் பிசியோ. முதுகுவலிக்காரர்கள், தோளைத் தூக்க முடியாதவர்கள், முட்டி மாற்று அறுவைக்குப் பிறகு நடக்கப் பழகும் முதியவர்கள். ஞாயிறு வந்தால் லண்டனின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன கிளப்பின் பெண்கள் அணிக்கு நான்தான் பிசியோ. ஆங்கிலப் பெண்கள் கால்பந்தின் படிக்கட்டில் ஐந்தாம் நிலை. ஆடுகிறவர்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. கேப்டன் பள்ளி ஆசிரியை, கோல்கீப்பர் டெலிவரி வேன் ஓட்டுகிறாள், நான் சொன்ன டிஃபென்டர் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அவள் லண்டனிலேயே பிறந்தவள், பெற்றோர் யாழ்ப்பாணம். நான் தமிழ்நாட்டுக்காரி என்று தெரிந்த முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். கொஞ்ச நாளில் மொத்த அணியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. யாராவது விழுந்தால் மைதானத்திலிருந்து பத்துக் குரல்கள் "அக்கா!" என்று கேட்கும். பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

லீக் ஆட்டங்களில் பிசியோவின் கையில் இருக்கும் பெரிய மருந்து "அடுத்த வாரம்" என்கிற சொல். தொடையின் பின்தசை இழுத்துப் பிடிக்கிறதா, இன்றைக்கு உட்கார், அடுத்த வாரம் ஆடலாம். கணுக்கால் வீங்கியிருக்கிறதா, அடுத்த வாரம் பார்க்கலாம். முகம் சுளித்தாலும் கேட்டுக்கொள்வார்கள். கோப்பைப் போட்டியில் அந்த மருந்து வேலை செய்வதில்லை. தோற்றால் அடுத்த வாரமே கிடையாது, கதை முடிந்தது. அதனால் கோப்பை ஞாயிறுகளில் யாரும் என்னிடம் உண்மை பேச மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை நொண்டியவள் ஞாயிறு காலை உடைமாற்றும் அறையில் குதித்துக் காட்டுவாள். வலிக்கிற இடத்தை அழுத்தும்போது முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது என்று மூச்சை அடக்கிக்கொள்வாள். மூச்சை அடக்குவதை வைத்தே நான் கண்டுபிடிப்பேன்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்தக் கோப்பையின் அமைப்பே ஆசை காட்டுவதுதான். பெரும்பாலான சின்ன அணிகள் தகுதிச் சுற்றுகளிலேயே வந்த சுவடு தெரியாமல் போய்விடும். தாண்டினால் முதல் சுற்று. 2023-24 பருவத்தில் மூன்றாம் சுற்றில் இரண்டாம் நிலை அணிகள் வந்து சேர்ந்தன. நான்காம் சுற்றில் படிக்கட்டின் உச்சியில் இருக்கும் மகளிர் சூப்பர் லீக்கின் 12 அணிகள். அதாவது செல்சீ, ஆர்சனல். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், தொலைக்காட்சியில் பார்க்கிற ஒருத்தியை நேரில் மார்க் செய்யலாம். அந்தப் பருவத்தில்தான் மொத்தப் பரிசுத்தொகையை 30 லட்சம் பவுண்டிலிருந்து 60 லட்சமாக உயர்த்தினார்கள். வாடகைக்கு மைதானம் எடுத்து ஆடுகிற எங்களுக்கு, ஒரு சுற்று தாண்டினால் கிடைக்கிற காசே பெரிய விஷயம். பொருளாளர் ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்.

எனக்கு அந்தப் பருவத்தில் முதல் கவலை முட்டிதான். முட்டிக்குள் குறுக்காக ஓடும் ஏசிஎல் என்ற தசைநார் அறுவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களிடம் இரண்டு மடங்குக்கும் மேல் அதிகம். அறுந்தால் குறைந்தது ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். 2022 நவம்பர் முதல் 2023 மே வரை ஆர்சனல் அணியில் மட்டும் பெத் மீட், விவியன் மீடெமா, லியா வில்லியம்சன், லாரா வீன்ராய்தர் என்று நான்கு பேருக்கு அது அறுந்தது. அத்தனை வசதியுள்ள கிளப்பிலேயே அப்படி. அதனால் ஆட்டத்துக்கு முன் பிஃபா 11+ என்ற இருபது நிமிடப் பயிற்சியை ஒரு நிமிடம்கூடக் குறைக்க விடமாட்டேன். ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, எகிறி மெதுவாக இறங்குவது. மழை பெய்தாலும், பஸ் தாமதமாகி வந்தாலும் இருபது நிமிடம்தான். கோச்சுக்கும் எனக்கும் அதில் இரண்டு முறை வாக்குவாதமே வந்தது. பருவம் முழுக்க ஒரு முட்டியும் போகவில்லை. அது என் பயிற்சியால்தானா என்று நிரூபிக்க முடியாது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

நான் காவல் காத்துக்கொண்டிருந்தது முட்டியை. அடி விழுந்தது தலையில்.

2023 நவம்பர் 12. முதல் சுற்று. எங்கள் கிளப் அதுவரை அங்கே வந்ததே இல்லை. 2-1 என்று முன்னிலையில் இருந்தோம். எழுபதாவது நிமிடம் போல எதிரணிக்கு ஒரு கார்னர். எங்கள் டிஃபென்டரும் எதிரணி ஆட்டக்காரியும் ஒரே பந்துக்கு எகிறினார்கள். தேங்காய் உடைப்பது போன்ற சத்தம். பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. விழுந்து கிடந்தால் வேலை எளிது. எழுந்து நிற்பவளிடம்தான் கஷ்டம்.

"அக்கா, எனக்கு ஒண்டுமில்லை."

தலையில் அடிபட்டவர்களிடம் கேட்பதற்கென்று மேடாக்ஸ் கேள்விகள் என ஐந்து உண்டு. இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? சரியாகச் சொன்னாள். எந்தப் பாதி? சரி. கடைசியாக யார் கோல் போட்டது? சரி. போன ஆட்டம் யாரோடு? ஒரு பெயரைச் சொன்னாள். அந்த அணியோடு நாங்கள் ஆடியது ஒரு மாதத்துக்கு முன்னால். ஐந்தாவது கேள்வியை நான் கேட்கவில்லை. கோச்சைப் பார்த்து இரண்டு கைகளையும் சுழற்றினேன், ஆளை மாற்றுங்கள் என்று.

"விடுங்கோ அக்கா, நான் விளையாடுவன்" என்றாள். குரல் கெஞ்சியது. கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். அணி எப்படியோ தாக்குப்பிடித்து வென்றது. எல்லோரும் மைதானத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடும்போது, அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யார் ஜெயித்தது என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். மருத்துவமனைக்கு நானே கூட்டிப்போனேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை, மூளை அதிர்ச்சி என்றார்கள்.

அப்புறம்தான் உண்மையான பிரச்சினை தொடங்கியது. அந்த ஆண்டு ஏப்ரலில் அடித்தள விளையாட்டுகளுக்கென்று பிரிட்டனில் ஒரு வழிகாட்டுதல் வந்திருந்தது. மூளை அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் குறைந்தது 21 நாள் போட்டியில் இறங்கக் கூடாது. பெரிய கிளப்புகளில் இதைக் கவனிக்கவே மருத்துவர்கள் இருப்பார்கள். எங்களிடம் இருப்பது நானும் என் பையும். இரண்டாம் சுற்று நவம்பர் 26. எண்ணிப் பார்க்கவே வேண்டாம், 14 நாள்.

பத்தாவது நாள் அவள் நன்றாகவே இருந்தாள். தலைவலி இல்லை, தூக்கம் சரி, வெளிச்சம் கூசவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்: அவள் பொய் சொல்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அரைமணி நேரமாவது இறக்கலாமா என்று கேட்டார். கேப்டன் நீளமாகச் செய்தி அனுப்பினாள். ஒருநாள் மாலை அவளுடைய அம்மா போன் செய்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "பிள்ளை, நீங்கள் சொன்னால் சரி. ஆனால் அவள் இரவு முழுக்க அழுதவள், அதைத்தான் உங்களுக்குச் சொல்ல எடுத்தனான்" என்றார். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த இரண்டு வாரத்தில் கிளினிக்கில் நோயாளிகளோடு பேசும்போதுகூட மனம் இந்தக் கணக்கிலேயே இருந்தது. ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதே சமயம், அவள் தலையில் ஒன்றும் ஆகாமலேயே போகலாம் என்பதும் தெரியும். என் வேலையில் இது ஒரு வலி. ஆளைத் தடுத்து நிறுத்தினால், தடுத்தது சரியா என்று எப்போதும் தெரியவராது. விடக்கூடாததை விட்டால்தான் தெரியும்.

26ஆம் தேதி மூன்றாம் நிலை அணி ஒன்றிடம் 2-1 என்று தோற்றோம். தோற்ற கோல் ஒரு கார்னரில் வந்தது. அவள் நிற்கவேண்டிய இடத்தில், அவளைவிட ஒரு சாண் உயரம் குறைந்த ஒருத்தி எகிறி, பந்தை எட்டாமல் விட்டாள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் கவனமாக இருந்தார்கள். அது எனக்குத் தெரிந்தது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போனபின் ஜெர்சிகளை எண்ணி மூட்டை கட்ட உதவினேன். அதைக் கவனித்துக்கொள்கிற அம்மாள் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர். அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு அவராகவே ஆரம்பித்தார். சிறுமியாக இருந்தபோது தெருப் பையன்களோடு பந்து ஆடுவாராம். பள்ளிக்கு வந்த மருத்துவர் அவருடைய அம்மாவைக் கூப்பிட்டு, பெண் பிள்ளைக்கு இது ஆகாது, பின்னால் குழந்தை பெறுவதில் சிக்கல் வரும் என்று சொல்லிவிட்டார். அதோடு நின்றது. 1971 மே மாதம் க்ரிஸ்டல் பாலஸில் இந்தக் கோப்பையின் முதல் இறுதிப்போட்டி நடந்து, சவுதாம்ப்டன் 4-1 என்று ஸ்டூவர்டன் திஸில் அணியை வென்றபோது அவருக்குப் பதின்மூன்று வயது. அப்படி ஒரு போட்டி நடந்ததே அவருக்குத் தெரியாது. இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் மறுபடி பந்தைத் தொட்டாராம்.

எனக்கு அந்தப் பழைய கதை ஓரளவு தெரியும். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1921 டிசம்பர் 5 அன்று கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்றார்கள். பெண்ணுடம்பு தாங்காது என்று சொல்ல மருத்துவர்களும் கிடைத்தார்கள். தடை ஐம்பது ஆண்டு நீடித்தது. மருத்துவம் சார்ந்த ஒருத்தியாக, ஒரு பெண்ணைப் பார்த்து "உன் உடம்புக்கு இது வேண்டாம், உட்கார்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த வரிசையில் நானும் போய் நிற்கிறேனோ என்று அந்த இரண்டு வாரம் முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. அதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

அவர் ஜெர்சியை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ அவளிடம் 21 நாள் என்று சொன்னாய். எனக்கு அந்த டாக்டர் நாள் கணக்கே சொல்லவில்லை" என்றார். பிறகு, பதினாறாம் எண் ஜெர்சி குறைகிறது, பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறதா பார் என்றார். கிடந்தது.

டிசம்பர் 3, இருபத்தொன்றாவது நாள். சாதாரண லீக் ஆட்டம். கடுங்குளிர். பார்க்க வந்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம், அதில் பாதி குடும்பத்தார். அதற்கு முந்தைய வாரம் படிப்படியாக அவளை ஓடவிட்டு, பாஸ் கொடுக்கவிட்டு, ஒவ்வொரு நாளும் ஃபோனில் கேட்டுக் குறித்துவைத்திருந்தேன். காலையில் மறுபடி கேட்டேன். மூச்சை அடக்குகிறாளா என்று பார்த்தேன். இல்லை. இருபது நிமிடப் பயிற்சியை எல்லோரோடும் செய்தாள். அவளுடைய அம்மா இரண்டு சால்வைகளைச் சுற்றிக்கொண்டு என் பின்னால் நின்றார்.

நான்காவது நிமிடத்திலேயே எதிரணி கோல்கீப்பர் பந்தை உயர உதைத்தாள். பந்து அவளை நோக்கித்தான் வந்தது. என் கை பையின் வாரைப் பிடித்துக்கொண்டது. அவள் இரண்டடி பின்னால் போனாள், எகிறினாள், நெற்றியின் நடுவில் வாங்கி நடுக்கோட்டைத் தாண்டித் திருப்பி அனுப்பினாள். இரண்டு காலும் ஒன்றாக, முட்டி மடங்கி, மெதுவாக இறங்கினாள். பின்னால் அவளுடைய அம்மா மூச்சு விடுவது கேட்டது.