பல்லவி: மரபு

நாட்டுப்புறப் பாட்டு ஒன்றைச் சினிமாக்காரர்கள் கேட்டு வந்தால் பேச்சு முழுக்கத் தொகையைச் சுற்றியே ஓடும். பார்க்க வேண்டியது அதுவல்ல. ஒப்பந்தத்தில் 'பாடல் வரிகள்' என்ற கட்டத்தில் யார் பெயர் ஏறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தஞ்சைப் பக்கத்து நடவுப் பாட்டு ஒன்றுக்கு அந்தக் கட்டத்தில் 'பல்லவி: மரபு' என்றும், சரணங்களுக்குப் பாடகரின் பெயரும் எழுதச் சொன்னேன். பல்லவி அவருடைய அப்பத்தா வயலில் பாடியது. மூன்று சரணமும் அவரே கட்டியவை. உள்ளதை உள்ளபடி எழுதியதுதான். அதில் பிசகு என்ன என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை, ஆனாலும் உறுத்துகிறது.

"மரபுன்னு போட்டா அந்தப் பங்கு யாருக்குண்ணே போவும்?"

"யாருக்கும் போகாது தம்பி. அது பொதுச்சொத்து."

"அப்ப அப்பத்தாளுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. எடுத்துக்கிறவங்களுக்கு?"

1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவரை ஓரளவு நன்றாகவே காக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் சேர்ந்த பாட்டு தியேட்டருக்கு வெளியே எங்கே ஒலித்தாலும் வரும் ராயல்டியில் எழுதியவருக்குச் சமபங்கு உண்டு. வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, பிரதேசம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் கம்பெனிப் பத்திரங்களில் 'உலகெங்கும், நிரந்தரமாக' என்ற சொற்கள் தவறாமல் இருக்கும். உரிமையை விற்ற பிறகும் 'இது நான் எழுதியது' என்று சொல்லும் உரிமையை 57ஆவது பிரிவு விட்டுவைக்கிறது. இத்தனையும் பெயர் உள்ளவருக்கு. மரபு என்று எழுதிய இடத்தில் கேட்க ஆளில்லை. பழைய மெட்டை அப்படியே எடுத்து, இடையிசை சேர்த்து, 'இசை' என்ற கட்டத்தில் ஒருவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். வரியிலும் ஒரு சொல்லை மாற்றிவிட்டு அதே வேலையைச் செய்யலாம்.

முழுப் பாட்டையும் அவர் பெயரில் எழுதியிருந்தால்? எல்லாப் பத்திரத்திலும் 'இது முழுக்க என் சொந்தப் படைப்பு, வேறு யாரும் உரிமை கோரினால் நஷ்டத்தை நானே ஏற்பேன்' என்று ஒரு பிரிவு வரும். அதே பல்லவியைப் பக்கத்து ஊரில் யாரோ பாடிய பழைய ஒலிநாடா ஒன்று கிளம்பினால் போதும், வாங்கிய தொகையைவிடத் திருப்பித் தர வேண்டியது அதிகமாகிவிடும். யூடியூபில் வேறு சங்கடம். படப் பாட்டு ஏறிய பிறகு, அதே மெட்டில் பாடுகிற மற்றவர்களின் வீடியோக்கள் மீது உரிமைக் கோரிக்கை தானாகவே விழும். அந்த வயலில் அவருடைய அப்பத்தாவோடு சேர்ந்து நட்டவர்களின் பேத்தி பாடினாலும் விழும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். அது சம்மதமா, சலிப்பா என்று தெரியவில்லை.

காகிதம் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்றுதான் அதுவரை கணக்குப் போட்டிருந்தேன். டிவி மேடை அந்தக் கணக்கைக் கலைத்தது. கோயில் திருவிழாவில் கால் மணி நேரம் போகிற பாட்டுக்கு அங்கே கிடைப்பது மூன்று நிமிடம், சில சமயம் அதுவும் இல்லை. முதலில் வெட்டுப்படுவது சரணம். கூட்டம் சேர்ந்து பாடுவது பல்லவியை என்பதால் அதை இரண்டு தடவை வைப்பார்கள். சினிமாவில் காட்சித் தொகுப்புக்குப் பின்னணியாகப் போனாலும் இதே கதைதான்: பல்லவி நிற்கும், ஒரு சரணம் தப்பினால் அதிர்ஷ்டம், கதைக்குப் பொருந்தவில்லை என்று அதையும் வேறொருவர் எழுதித் தருவார். ஆக, அவர் பெயரைக் கவனமாக எழுதி வைத்த பகுதிதான் ஒலிக்காமல் போயிற்று. ஒலித்த பகுதியில் அவர் பெயர் இல்லை.

பல்லவியும் முழுசாகத் தப்பவில்லை. நடவுப் பாட்டில் கடைசி எழுத்தை இழுத்து நிறுத்துவார்கள். கையிலுள்ள நாற்று முடியும்வரை அந்த இழுப்பு நீளும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நீளம். ஸ்டூடியோவில் கிளிக் ட்ராக், அதாவது தாளம் பிசகாமல் இருக்க ஹெட்போனில் ஓடும் சீரான தட்டு, காதில் தட்டிக்கொண்டிருக்கும்போது அந்த இழுப்பு எட்டாவது தட்டில் அறுந்துவிடுகிறது. கிளிக் இல்லாமல் குரலை முதலில் பதிந்துவிட்டு, தாளத்தைப் பிறகு அதற்கேற்ப ஓட்டலாம். ஆனால் எடிட்டிங்கில் இரண்டு மடங்கு வேலை. யாரும் செய்வதில்லை.

கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் நாட்டுப்புறப் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர். 1985இல் 'ஆண் பாவம்' படத்தில் பாட்டோடு அவர் முகமும் வந்தது. 2003இல் 'தூள்' படத்தில் பரவை முனியம்மாவும் அப்படித்தான். 2018இல் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் டிவியில் சூப்பர் சிங்கர் போட்டியில் வென்றபோது ஜனங்களுக்கு ஆள் தெரிந்த பிறகே அடுத்த வாய்ப்பு வந்தது. முகம் கூடவே போனால் காகிதத்தில் உள்ள ஓட்டையை ஜனங்களின் ஞாபகம் ஓரளவு அடைத்துவிடும் என்று எனக்குப் படுகிறது. ஓரளவுதான். ஞாபகத்துக்கு ராயல்டி வராது.

அந்த நடவுப் பாட்டுக்குப் பிறகு இரண்டு வரிகளைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்கிறேன்: பாடகர் ஏற்கெனவே வெளியிட்ட பதிவும் அவருடைய மேடை நிகழ்ச்சியும் இந்த உரிமை மாற்றத்துக்குள் வராது, அவருடைய சேனல் மீது கோரிக்கை விழாதபடி கம்பெனி விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். முதலாவதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதைப் 'பிறகு பார்க்கலாம்' என்கிறார்கள், பாட்டு வெளியான பிறகு யாரும் போனை எடுப்பதில்லை.

சமீபத்தில் வேறொருவர் ஒரு தெம்மாங்கைக் கொண்டுவந்தார். முழுப் பாட்டுக்கும் தன் பெயரையே எழுதியிருந்தார். அதில் எந்த வரி பழையது என்று எனக்கே தெரிந்தது. காலம், பிரதேசம், விலக்கு மூன்றும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பி வைத்தேன்.