உள்ளங்கைச் சூடு

"அம்மா, வயித்துல கை வைச்சுப் பாக்கலாமா? கை கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்."

கேட்டுவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள் அந்தப் பெண். மூன்றாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவி.

வெளியே சென்னை வெயில் கொளுத்துகிறது. வார்டு ஏசியில் விரல் விறைத்துத்தான் போகும். ஆனால் அதை யோசித்தது அவள் ஒருத்திதான்.

பார்த்து முடித்ததும் விலகியிருந்த போர்வையை அவளே இழுத்துவிட்டாள்.

என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள். இதற்கு முன் வந்த மாணவர்கள் யாரும் பெயர்கூடக் கேட்கவில்லை. "பதினேழாம் பெட்", "லிவர் கேஸ்", அவ்வளவுதான்.

நேற்று ஒரு பையன் அம்மாவின் வீங்கிய வயிற்றைப் போனில் படம் பிடித்தான். கேட்டதற்கு, படிக்கத்தான் என்றான். அம்மா ஒன்றும் சொல்லாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இவ்வளவுக்கும் இது பாடத்திலேயே இருக்கிறது. மனப்பான்மை, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை இவற்றுக்காகவே 2019-இல் 'ஏட்காம்' என்று தனிப் பகுதி சேர்த்தார்கள். நோயாளியின் அனுமதியில்லாமல் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிமுறையும் சொல்கிறது. அது பதிவுபெற்ற டாக்டர்களுக்கான விதி, சரி. ஆனால் படுத்திருப்பவருக்கு வெள்ளைக் கோட்டு போட்ட எல்லோருமே டாக்டர்தானே?

சாயங்காலம் அந்தப் பெண் மறுபடி எட்டிப் பார்த்தாள். "சாப்பிட்டீங்களாம்மா?"

அவள் போனபிறகு அம்மா என்னிடம் கேட்டார்:

"அந்தப் பாப்பா நாளைக்கும் வருமா?"