அப்பா எழுதி வச்ச சொத்து

ஜங்ஷன்ல அல்வா வாங்கினோம். இலைத்துண்டுல சுடச்சுட நூறு கிராம். அண்ணன் நெய் ஒட்டின விரலை மட்டும் நக்கிட்டு, மிச்சத்தை என் பக்கம் தள்ளினான்.

"நீ தின்னுல. அப்பா எனக்குல்லா சுகரை எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு."

ஒரே வயித்துல பொறந்து, ஒரே சட்டிச் சோறு தின்னவங்க. தொந்தி வேற எனக்குத்தான்.

டிசிஎஃப்7எல்2-ன்னு ஒரு மரபணு. அதுல ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருந்தா இன்சுலின் சுரப்பு மந்தமாகலாம். 2006-ல தெரியவந்த சங்கதி. அம்மா, அப்பா ரெண்டு பக்கமிருந்தும் அது வந்தா டைப் 2 சுகர் அபாயம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. வந்தே தீரும்னு இல்ல. இப்படி நூத்துக்கணக்குல மாற்றங்கள். யாருக்கு எத்தனைங்கிறது சீட்டுக் குலுக்கல்.

நான் கடைசியா ரத்தம் குடுத்துப் பார்த்தது எப்போ?

இலையில நெய் உறைய ஆரம்பிச்சிருந்துச்சு.