ஒரே வட்டு, இரண்டு இயங்குதளங்கள், எல்விஎம்

வட்டின் இடத்தை வேண்டியபடி மாற்றிப் பங்கிட உதவும் லினக்ஸ் வசதியான எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்), பல வட்டுகளைக் கோத்து ஆளும் சர்வர்களுக்குத்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். விண்டோஸும் லினக்ஸும் ஒரே வட்டைப் பகிரும் என் மடிக்கணினியில், லினக்ஸ் அமரும் ரூட் பகுதிக்கு 25 ஜிபி போதும் என்று நிறுவிய அன்றே முடிவு செய்துவிட்டேன். பின்னர் ரூட் நிரம்பி, என் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியில் பாதி காலியாகக் கிடந்தபோதுதான் எல்விஎம் பற்றிய எண்ணம் மாறியது.

எல்விஎம்மில் ஒரு பார்ட்டிஷனை, அதாவது வட்டில் பிரித்த ஒரு பகுதியை, பிசிக்கல் வால்யூமாக்கி, அதை ஒரு வால்யூம் குரூப் என்ற பொதுத் தொகுப்பில் சேர்த்து, அதிலிருந்து ரூட், ஹோம், ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையான இடம்) ஆகியவற்றுக்கான லாஜிக்கல் வால்யூம்களை எடுத்துக்கொள்கிறோம். இடம், வழக்கமாக 4 எம்ஐபி அளவுள்ள எக்ஸ்டென்ட் எனும் துண்டுகளாக ஒதுக்கப்படுகிறது. அவை வட்டில் அடுத்தடுத்து அமைய வேண்டிய கட்டாயம் இல்லை.

இரட்டை இயங்குதளக் கணினிக்கு இந்த ஓர் இயல்பே பெரும் பேறு. விண்டோஸின் சி டிரைவைச் சுருக்கினால் காலியிடம் அதன் முடிவில், அதாவது பெரும்பாலும் லினக்ஸ் பகுதிக்கு முன்னால் தோன்றும். சாதாரண பார்ட்டிஷனை முன்பக்கமாக நீட்ட, அதன் தொடக்கத்தையே நகர்த்தி, உள்ளிருக்கும் தரவையெல்லாம் இடம்பெயர்க்க வேண்டும்; அதற்கு நெடுநேரம் பிடிப்பதோடு, நடுவில் மின்சாரம் நின்றால் தரவும் போகக்கூடும். எல்விஎம்மிலோ அந்தக் காலியிடத்தில் ஒரு புதிய பார்ட்டிஷனை உருவாக்கி, பிவிகிரியேட், விஜிஎக்ஸ்டெண்ட், எல்விஎக்ஸ்டெண்ட் (கோப்பு முறைமையையும் சேர்த்து வளர்க்கும் -r உடன்) என்ற மூன்று கட்டளைகளை இட்டால் போதும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை இயங்கிக்கொண்டிருக்கும்போதே வளரும்.

இதன் மறுபக்கமும் எனக்குப் பிடித்திருக்கிறது. விண்டோஸுக்கே இடம் திரும்பத் தேவைப்பட்டால், குரூப்பில் போதிய காலியிடம் இருக்கும்வரை, தரவை நகர்த்தும் பிவிமூவ் கட்டளை மூலம் அந்தப் புதிய பகுதியைக் காலி செய்து, குரூப்பிலிருந்து நீக்கி, பார்ட்டிஷனை அழித்துவிடலாம். அது சி டிரைவை ஒட்டியே இருப்பதால் விண்டோஸ் தன் இடத்தை மீண்டும் நீட்டிக்கொள்ளும்.

எல்லை இல்லாமல் இல்லை. விண்டோஸுக்கு எல்விஎம் புரியாது. ஆகவே இரண்டும் பகிரும் கோப்புகளை எல்விஎம்முக்கு வெளியே, விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வைக்க வேண்டும், விண்டோஸை முழுவதும் அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் அணைத்துவிட வேண்டும். கணினியைத் தொடக்கும் கோப்புகள் உள்ள ஈஎஃப்ஐ பார்ட்டிஷனும் வெளியேதான் இருக்க வேண்டும். கணினியின் ஃபர்ம்வேர் அதை ஃபேட் என்ற கோப்பு முறைமை வடிவத்தில்தான் எதிர்பார்க்கிறது. வட்டு பழுதானால் எல்விஎம் எதையும் மீட்டுத் தராது என்பதால் காப்புப் பிரதியைத் தனியாக வேறொரு வட்டில் எடுத்து வருகிறேன்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: இருக்கும் இடம் முழுவதையும் முதல் நாளே பங்கிட்டுவிடாதீர்கள். வளர்ப்பது நொடிகளில் முடியும். சுருக்குவதற்கு ஈஎக்ஸ்டி4-ஐ அன்மவுன்ட் செய்ய (பயன்பாட்டிலிருந்து விடுவிக்க) வேண்டும், ரூட் என்றால் லைவ் யூஎஸ்பி வழியாகத்தான் கணினியைத் தொடங்க வேண்டும். அதோடு, பெரிய அப்டேட்டுக்கு முன் ரூட்டின் ஸ்னாப்ஷாட் (அந்நேர நிலையின் பதிவு) எடுக்கவும் குரூப்பில் இடம் வேண்டும். அதற்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். நான் இப்போது 30 ஜிபியை யாருக்கும் ஒதுக்காமல் விட்டிருக்கிறேன்.