சாப்பாட்டுக்கடையில் பாட்டு வைக்கப் பட்ட பாடு

திருகோணமலை உப்புவெளியில் நானும் நண்பனும் நடத்தும் சாப்பாட்டுக்கடையில் சுவர் முழுக்க ஓவியம், கிழமையில் ஒரு இரவு பாட்டு என்று யோசித்தபோது, கடை லைசன்ஸே போதும் என்று நினைத்துவிட்டோம். ஓவியங்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கடற்காற்றுதான் கேட்டது: கண்ணாடிச் சட்டம் இல்லாமல் மாட்டிய நீர்வர்ணப் படங்கள் நான்காம் நாளே அப்பளம் மாதிரி வளைந்தன. சட்டத்துக்குக் காசைப் பார்க்காதீர்கள்.

பாட்டு எங்களை மூன்று கிழமை அலைய வைத்தது. டிக்கெட் 80 அச்சடித்து 27 விற்ற பிறகுதான், காசு வாங்கி நிகழ்ச்சி வைத்தால் களியாட்ட வரி உண்டு, விற்கமுதலே டிக்கெட்டுகளைப் பிரதேச சபைக்குக் கொண்டுபோய் முத்திரை குத்த வேண்டும் என்று தெரிய வந்தது. கந்தோரில் இருந்தவர் டிக்கெட் கட்டைப் பெருவிரலால் ஒருமுறை விசிறிப் பார்த்துவிட்டு, "மிச்சம் எங்க?" என்றார். வாங்கியவர்கள் வீடு வீடாகப் போய்த் திரும்பச் சேர்த்தோம். ஒன்றின் பின்பக்கத்தில் யாரோ மீன் கணக்கு எழுதியிருந்தார்கள். அதிலும் முத்திரை விழுந்தது.

அப்புறம் பொலிஸில் ஒலிபெருக்கி அனுமதி. இரவு 11 மணி வரை என்று எழுதிக் கொடுத்தேன். "பிழை" என்று படிவம் திரும்பி வந்தது. என்ன பிழை என்று கேட்டால், "நீங்களே பாருங்கோ." 2007 உயர் நீதிமன்றத் தீர்ப்போடு இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கிடையாது என்பதை வெளியே தேநீர்க் கடைக்காரர்தான் சொன்னார். நேரத்தைத் திருத்திக்கொண்டு போனால், அயலவர் சம்மதக் கடிதம் எங்கே என்றார்கள். அதையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். நீங்கள் போவதென்றால் கடிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சர் கையெழுத்துப் போட்டார். "பத்து மணிக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் நான் வந்து நிப்பன், தம்பி."

முதல் இரவு வயலின் தொடங்கியதும் குசினியில் கொத்துரொட்டித் தகடு டக்கடக்கென்று கூடவே தாளம் போட்டது. மிருதங்கக்காரர் சிரித்துவிட்டார். ஓடிப்போய் நிறுத்தினேன். பாட்டு முடியும் வரை கொத்து இல்லை என்று பலகையில் எழுதி வைத்தோம். நாலு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

9.55க்கு டீச்சர் வாசலில் நின்றார், கையில் மணிக்கூட்டோடு. மைக்கை அணைத்தோம்.

"இனிக் கொத்துப் போடலாமோ?" என்றார்.