ஃபார்லி–பூனெமன் அலைகளைக் கணினியில் எழுப்பிப் பார்த்தல்: மூன்றாம் மாதக் குறிப்பு

துருவ ஒளி தோன்றும் பகுதியில், ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், எலக்ட்ரான் காந்தப்புலக் கோட்டைச் சுற்றி விநாடிக்குச் சுமார் 14 லட்சம் முறை சுழல்கிறது. நைட்ரிக் ஆக்சைடு அயனியோ 25 முறை சுழல வேண்டியது. விநாடிக்கு ஆயிரம் முறையளவில் காற்று மூலக்கூறுகள் மோதுவதால் ஒரு சுற்றைக்கூட முடிப்பதில்லை. ஆகவே மின்புலம் எழுந்தால் எலக்ட்ரான்கள் மட்டும் பக்கவாட்டில் நகர, அயனிகள் காற்றோடு தங்கிவிடுகின்றன. இந்த வேக வேறுபாடு அயனி ஒலி வேகத்தை, அதாவது அயனிகளிடையே அடர்த்தி அலை பரவும் வேகத்தை, சற்றுத் தாண்டினாலே பிளாஸ்மா (எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த வாயு) கொந்தளித்து அலைகள் எழும் என்று 1963-இல் ஃபார்லியும் பூனெமனும் தனித்தனியே காட்டினார்கள். 50,000 நானோடெஸ்லா காந்தப்புலத்தில் இதற்குத் தேவைப்படும் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 20 மில்லிவோல்ட்.

துகள்களைத் தனித்தனியே பின்தொடராமல் ஓடும் திரவம்போலக் கருதும் இருபரிமாணப் பாய்மச் சமன்பாடுகளாகப் பைத்தானில் எழுதிய என் முதல் நிரல், 15 மில்லிவோல்ட்டில் இரைச்சலை ஒழுங்காக அடக்கியது. 50-இல், கணக்கீட்டு வலையில் இரண்டு கட்ட அகலமுள்ள சிற்றலைகள் பெருகி, நிரல் சிதறியது. காலப்படியைப் பாதியாக்கியும் வளர்ச்சி வேகம் மாறவில்லை. கட்டத்தை 10 சென்டிமீட்டரிலிருந்து 5 ஆக்கியபோது இன்னும் விரைந்தது. நிரலில் பிழை தேடியே இரண்டு வாரங்கள் கழிந்தன. உண்மையில் நிரல் சரியாகவே இருந்தது: பாய்மக் கோட்பாட்டில் அலைநீளம் குறையக் குறைய வளர்ச்சி கூடிக்கொண்டே போகும். இயற்கையில் அதற்குத் தடை போடுவது லாண்டாவ் தணிப்பு. அயனி இரு மோதல்களுக்கிடையே சில பத்து சென்டிமீட்டர் ஓடுகிறது. அதைவிடக் குறுகிய அலையின் மேடு பள்ளங்களை அதன் வெப்ப ஓட்டமே நிரவிவிடுகிறது. சராசரி வேகத்தை மட்டும் சுமக்கும் சமன்பாட்டில் இதற்கு இடமேயில்லை. சிற்றலைகளைத் தணிக்கும் செயற்கைப் பாகுநிலையை (போலி உராய்வை) சேர்த்து மூடிமறைக்க எனக்கு மனம் வரவில்லை.

எனவே எலக்ட்ரான்களைப் பாய்மமாகவே விட்டு, அயனிகளை 40 லட்சம் துகள்களாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் சீரற்ற மோதல்களைக் கொடுத்தேன். அதன்பின் மீட்டர் அளவு அலைகளே மேலோங்கின. வடதுருவ ஒளிப் பகுதியில் நார்வேயிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் சுமார் 140 மெகாஹெர்ட்ஸில் நோக்கிய ஸ்டேர் ரேடார்கள் கண்டதும் ஒரு மீட்டர் அலைகளைத்தான். அலைமுகங்கள் நேராக வளர்ந்து, பின் சாய்ந்து, ஒன்றையொன்று வெட்டி உடைந்தன. தொடக்கத்தில் விநாடிக்கு 900 மீட்டரை எட்டிய அலைவேகம், கொந்தளிப்பு நிறைவுற்றதும் 600-ஐ ஒட்டித் தணிந்தது. அயனி ஒலி வேகமான 400-க்கு அது இறங்காதது என்னை உறுத்துகிறது.

நான் எலக்ட்ரான் வெப்பநிலையை 300 கெல்வினில் பூட்டி வைத்திருப்பது ஒரு குறை. வலுத்த மின்புலத்தில் இதே அலைகள் அதை 1,000 கெல்வினுக்கு மேல் ஏற்றுகின்றன. அப்போது ஒலி வேகமும் உயர்ந்துவிடும். எலக்ட்ரான் வெப்பச் சமன்பாட்டை இந்த வாரம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன்.