கோவிந்தா விளிக்க மூச்சு வேண்டும்

மாசி பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் அதிகாலை நேரத்தில் வெறுங்காலோடு நடந்து பழகுகிறவர்களைப் பார்க்கலாம். சிவராத்திரிக்கு முந்தைய நாள் மாலையில் முஞ்சிறை திருமலை மகாதேவர் கோயிலில் புறப்பட்டு, மறுநாள் இரவு திருநட்டாலத்தில் நிறைவுபெறும் சிவாலய ஓட்டத்திற்காகத் தங்கள் பாதங்களைத் தயார் செய்கிறவர்கள் அவர்கள். பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் அமைந்த பன்னிரண்டு சிவாலயங்களையும் வரிசை மாறாமல் ஓடிச் சென்று வணங்க வேண்டும் என்பதே இதன் முறை. மொத்தத் தொலைவு ஏறக்குறைய 110 கிலோமீட்டர். முழு மராத்தானின் தொலைவு 42.195 கிலோமீட்டர்தான், அதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேலான தொலைவைக் காவி வேட்டியும் பனையோலை விசிறியுமாக, எந்தப் பயிற்சியாளரும் இல்லாமல், விவசாயிகளும் கொத்தனார்களும் ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் ஓடிக் கடக்கிறார்கள்.

நான் பள்ளி நாட்களில் 5000 மீட்டர் ஓடியவன். பொங்கல் விழாவையொட்டி எங்கள் ஊர் மன்றம் நடத்தும் சாலை ஓட்டத்தில் இரண்டு முறை பரிசும் பெற்றிருக்கிறேன். அதனால், இருபத்திரண்டாவது வயதில் முதன்முறையாக மாலையணிந்து ஒரு வாரம் விரதமிருந்து மாமாவின் குழுவோடு முஞ்சிறைக்குப் போனபோது, இந்த ஓட்டத்தையும் நான் அறிந்த ஓட்டங்களில் ஒன்றாகவே எண்ணினேன். திருமலைக் கோயிலின் படிகளிலிருந்து இறங்கியதுமே குழுவை விட்டு முன்னே போய்விட்டேன். திக்குறிச்சியில் தாமிரபரணியில் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு தொழுதுவிட்டு, அருமனை, களியல் வழியாகத் திற்பரப்பை அடைந்தபோது இரவு பத்து மணிகூட ஆகவில்லை. என்னைப் பார்த்த வழியோரத்து மக்கள் வியந்தார்கள் என்று அப்போது நம்பினேன்.

சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவது. அதற்கு முந்தைய இரவில் ஓடுகிறவனுக்கு விடியற்காலை வரை நிலவு கிடையாது. திற்பரப்பிலிருந்து திருநந்திக்கரை வழியாகப் பொன்மனைக்குப் போகும் பாதையின் இருபுறமும் ரப்பர் தோட்டங்கள். மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும் பருவம் என்பதால் காய்ந்த சருகுகள் சாலையோரத்தில் குவிந்து கிடக்கும். அவற்றின் அடியில் இருக்கும் கல்லும் குச்சியும் கண்ணுக்குத் தெரியாது. நந்திக்கரைக்கு அப்பால் என் வலது காலில் முதல் கொப்புளம் உடைந்தது. நனைந்த வேட்டி உராய்ந்து தொடை இடுக்கெல்லாம் எரிந்தது. பொன்மனையில் யாரோ நீட்டிய பானகத்தைக் குடித்துவிட்டு எழுந்தவன், ஆறாவது கோயிலான பன்னிப்பாகத்தை நடந்துதான் அடைந்தேன். அங்கே குளத்துப் படியில் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. பாதித் தொலைவுதான் முடிந்திருந்தது.

வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் மாமாவின் குழு வந்து சேர்ந்தது. அறுபதைத் தாண்டிய இருவர் அக்குழுவில் இருந்தார்கள். அவர்கள் முகத்தில் களைப்பு இருந்தது, வேதனை இல்லை. மாமா என் கால்களைப் பார்த்தார், திட்டவில்லை. தேங்காயெண்ணெயைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டார்: “மக்களே, வழியில கோவிந்தா விளிச்சியா?” இல்லை என்றேன். “விளிக்க மூச்சு இல்லைன்னா காலு கூடுதலாப் போவுதுன்னு அர்த்தம். இனி என் பொறத்தால வா.”

நீண்ட தூர ஓட்டத்தின் அடிப்படைப் பாடம் அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்ததை நான் பின்னாளில்தான் புரிந்துகொண்டேன். பேச முடிகிற வேகத்தில் ஓடு என்று இன்றைய பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள்; பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால், உடம்பு தன் சேமிப்பை மிக விரைவாகச் செலவழிக்கிறது என்று பொருள். கோவிந்தன்மார் என்று அழைக்கப்படும் எங்கள் ஓட்டக்காரர்களுக்கு அந்த அளவுகோல் வாயிலேயே இருக்கிறது. ஒருவர் “கோவிந்தா” என்று விளிக்க, மற்றவர்கள் “கோபாலா” என்று ஏற்க வேண்டும். ஏற்கும் குரல் தேய்ந்தால், முன்னே போகிறவர் தாமாகவே வேகத்தைக் குறைக்கிறார். குழுவில் யாருக்கு முடியவில்லை என்பதைத் திரும்பிப் பார்க்காமலேயே காது கண்டுகொள்கிறது.

சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் ஏன் திருமாலின் பெயரைச் சொல்கிறார்கள் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. தருமரின் யாகத்திற்காகப் பீமன், பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகத்தைத் தேடி வந்த கதையை இங்கே குழந்தைகளும் சொல்வார்கள். சிவனன்றி வேறு பெயரைப் பொறுக்காத புருஷாமிருகம் முஞ்சிறைத் திருமலையில் தவமிருந்தது. பீமன் “கோவிந்தா, கோபாலா” என்று கூவ, அது சினந்து துரத்தியது. கண்ணன் தந்த பன்னிரண்டு உருத்திராக்கங்களில் ஒன்றைப் பீமன் கீழே வைத்ததும் அது சிவலிங்கமாயிற்று. புருஷாமிருகம் கோபத்தை மறந்து பூசையில் அமர்ந்தது. பீமன் சற்று இளைப்பாறிவிட்டு மீண்டும் கூவினான். இப்படிப் பன்னிரண்டு இடங்கள் கடந்து, திருநட்டாலத்தில் அரியும் சிவனும் ஒன்றாகச் சங்கரநாராயணராகக் காட்சி தந்ததாகக் கதை முடிகிறது. இந்தக் கதையில் என்னை ஈர்ப்பது பீமனின் பலம் அன்று. அவன் தப்பித்து ஓடவில்லை, புருஷாமிருகத்தைத் தன் பின்னால் வரவழைக்கிறான். ஆகவே ஒவ்வொரு முறையும் கூவுவதற்கு அவனிடம் மூச்சு மிச்சமிருக்க வேண்டும். ஓட்டமும் நிறுத்தமும் மாறி மாறி வருவதும் கதையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, விசிறியால் இறைவனுக்கு வீசி வணங்கிவிட்டுப் புறப்படும் அந்தச் சிறு இடைவெளிகள் இல்லாவிட்டால் 110 கிலோமீட்டரை எங்களில் பலர் கடந்திருக்கவே முடியாது.

அன்று கல்குளம் நீலகண்டசுவாமி கோயிலை நடுப்பகலில் அடைந்தோம். தார்ச்சாலை கொதித்தது. மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு என்று மாமாவின் விசிறியைப் பார்த்தபடியே போனேன். வழியில் ஒரு வீட்டு முற்றத்தில் கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள். அந்த வீட்டு வாசலுக்கு மேலே மாதாவின் படம் இருந்தது. அங்கிருந்த அம்மா என் காலைப் பார்த்துவிட்டு ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து தாமே பாதத்தில் ஊற்றினார். திருப்பன்றிக்கோடு கோயிலைத் தொழுது நட்டாலம் சேர்ந்தபோது இருட்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

இப்போது பெரும்பாலானோர் சிவராத்திரியன்று இருசக்கர வாகனங்களிலும் வேன்களிலும் பன்னிரண்டு கோயில்களையும் சுற்றி வருகிறார்கள். முதியவர்களும் சிறு குழந்தை உள்ளவர்களும் வேறு எப்படி வர முடியும்? அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு பைக்கில் மூன்று பேர் அமர்ந்து, ஒலிப்பானை அழுத்தியபடி கோவிந்தன்மாரை உரசிக்கொண்டு பாய்வதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. இருபது மணி நேரத்துக்கு மேல் தூக்கமின்றி ஓடிவரும் ஒருவரால் சட்டென்று ஒதுங்க முடியாது. மாலைக்குப் பிறகு வரும் குறுகிய வளைவுகளிலாவது வேகத்தைக் குறையுங்கள் என்று வாகனத்தில் வருகிற தம்பிமாரை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவின் முழங்கால் இப்போது இடம் கொடுப்பதில்லை. இந்த ஆண்டு அக்காவின் மகன் என்னோடு வருகிறான். பள்ளியில் 1500 மீட்டர் ஓடுகிறவன். தை மாதம் முதல் இருவரும் காலையில் வெறுங்காலோடு செம்மண் பாதையில் நடந்து பழகுகிறோம். முதல் நாளே அவன் என்னை விட்டு முன்னே ஓடினான். நான் பின்னாலிருந்து “கோவிந்தா” என்று விளித்தேன். பதில் வரச் சற்று நேரமாயிற்று.